டாக்டரிடம் சப்பாத்தியைப் பற்றிக் கேட்டோம்

எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் வருவது பிரெட். மருந்தெல்லாம் அதற்கு அப்புறம்தான். காய்ச்சலா, பிரெட்டைப் பாலில் நனைத்துக் கொடு. வயிற்றுப்போக்கா, ரஸ்க் கொடு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைப் பார்க்கப் போகிறாயா, வெறுங்கையோடு போகாதே, பன்னும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போ. சர்க்கரை வந்துவிட்டதா, ராத்திரிச் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி. திண்டிவனத்திலேயே பிறந்து வளர்ந்த நான் இதில் எதையும் சந்தேகப்பட்டதில்லை. கோதுமை என்பது நோயாளிச் சாப்பாடு, ஆகவே உடம்புக்கு நல்லது. என் வைத்திய அறிவு அவ்வளவுதான்.

எனக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் சொன்னதும் அதையேதான். "ராத்திரி ரெண்டு சப்பாத்தி. சோறு வேணாம்." அன்றைக்கு என் மனைவி கூட வந்திருந்தாள். அவள் கோலியனூர்ப் பக்கம். அவள் பிறந்த வீட்டில் சப்பாத்திக் கட்டையே கிடையாது. எனக்காகத்தான் கட்டையும் பலகையும் வாங்கினாள். கடை மாவில் என்னென்னவோ கலக்கிறார்கள் என்று கோதுமையாகவே வாங்கி, கழுவி, மாடியில் காயவைத்து, ஒரு பிடி வெந்தயம் போட்டு மில்லில் அரைத்து வருவாள். முதல் மாதம் அவள் சுட்டதைக் கிழிக்க நான் என் மோட்டார் கடையிலிருந்து கட்டிங் பிளேயர் எடுத்துவர வேண்டும் என்று கேலி செய்தேன். அப்புறம் பூப்போல வர ஆரம்பித்தது. கேலிக்கு வழியில்லாமல் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

என் பிழைப்பு மோட்டார் காயில் கட்டுவது. ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயிகள் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "மோட்டார ஓட விட்டுட்டு கொறட்ட வுட்டுக்கினு தூங்கினா எரியாம இன்னா பண்ணும்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்பேன். அவர்களும் திருப்பித் திட்டுவார்கள். ஒருவருக்கொருவர் பழகிப்போய்விட்டது.

அந்த நீளமான வாயில்தான் புண் வந்தது. ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. கூடவே வயிறு. சாப்பிட்ட சிறிது நேரத்தில் உப்பிக்கொள்ளும், விடிவதற்குள் நாலைந்து முறை பாத்ரூமுக்கு ஓட வேண்டும். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதையும் வயிறு மதிக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "சுகர் உருக்குது" என்றார்கள். என்னைப் பார்க்க வந்தபோது பிரெட் வாங்கி வந்தார்கள். நான் வாங்கி வைத்துச் சாப்பிட்டேன்.

இடையில் ஒருமுறை என் மனைவி தன் தம்பி வீட்டு விசேஷத்துக்காக ஒரு வாரம் கோலியனூர் போயிருந்தாள். எனக்குச் சப்பாத்தி போடத் தெரியாது. மூன்று வேளையும் ஓட்டலில் இட்லி, தயிர் சாதம். அந்த வாரம் வயிறு சொன்ன பேச்சைக் கேட்டது. அவள் திரும்பி வந்ததும் "நீ ஊர்ல இல்லன்னா என் வயிறு நிம்மதியா இருக்குதுமே" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான். அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

உண்மையை எனக்கு முதலில் சொன்னவர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சேட்டு. அவருடைய தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள். சேட்டு பேசும் தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் தெருக்காரர்தான். மிக்ஸி மோட்டார் ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா இப்டி எளச்சிட்டீங்க? எம் பேரன் சின்னதுல இப்டித்தான் இருந்தான். அவனுக்குக் கோதுமையே ஆவாது. எங்க ஊட்ல எல்லாரும் ரொட்டி துன்னா அவன் மட்டும் இட்லி துன்னுக்கினு இருப்பான். சீலியாக்னு பேரு. கண்டுபுடிக்கறதுக்குள்ள ஒரே பேஜாரு."

நான் சிரித்தேன். ரொட்டி சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளை இட்லியில் பிழைக்கிறான், இட்லி சாப்பிடுகிற வீட்டில் பிறந்த நான் ரொட்டிக்கு மாறியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் அந்த ஓட்டல் வாரத்தை நினைத்தேன். அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. மாடியில் கோதுமை காய்ந்துகொண்டிருந்தது. காக்கை வராமல் பார்த்துக்கொண்டு என் மனைவி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய் உன் சப்பாத்திதான் என்னை உருக்குகிறது என்று எப்படிச் சொல்வது? டாக்டர் சொன்னால் அது வேறு. டாக்டர் வாயிலிருந்து வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஊரில் எல்லோரிடமும் வாயடிக்கிற எனக்கு டாக்டர் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தால் வாய் கட்டிப்போகும். ஆனாலும் அடுத்த முறை சர்க்கரைக்குக் காட்டப் போனபோது, மாத்திரைச் சீட்டு எழுதி முடிக்கிற நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"டாக்டர், கோதுமை ஒத்துக்காத வியாதின்னு ஒண்ணு இருக்குதாமே. அதுக்கு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமாங்க?"

"போன்ல பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தார். "அதெல்லாம் வடக்க இருக்கறவங்களுக்கு. நம்ம அரிசி சாப்பிட்ற ஆளுங்க. சுகர் இருக்குது, கேஸ் இருக்குது. டயட்ட விட்றாதீங்க, சப்பாத்தியே கண்டினியூ பண்ணுங்க."

"சரிங்க டாக்டர்."

இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் தைரியம் சேர்த்தேனா என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. நல்ல மனிதர்தான். வெளியே ஐம்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்ததை அந்தப் பதற்றத்தில் நான் மறந்தே போயிருந்தேன்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கேட்டாள்.

"எம்மா நாளா இத மனசுல வச்சிக்கினு இருந்தீங்க?"

சேட்டு சொன்னதைச் சொன்னேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சுட்டதாச்சே."

ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் கோதுமை டின்னைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள். அன்று ராத்திரி கேப்பை அடை. முருங்கைக்கீரை போட்டது. டாக்டர் என்ன சொன்னாலும் சரி, இனி இந்த வீட்டுக்குள் கோதுமை வராது என்றாள். பிரெட், ரஸ்க், பிஸ்கட், ரவை உப்புமா எல்லாம் போயின. கொஞ்ச நாளில் நான் ராத்திரி முழுக்கத் தூங்கினேன். வாய்ப்புண் ஆறியது, வாய் பழையபடி நீண்டது. கடைக்கு வந்தவர்கள் திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். புதுச்சேரியில் வேலை, அங்கேயே லேடீஸ் ஹாஸ்டல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் குழம்புச் சோற்றை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். காரம் எரிகிறது என்றாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். என் புண்கள் அப்படியே அவள் வாயில் இருந்தன. கண்ணின் கீழ் இமை வெளுத்திருந்தது. ஹாஸ்டலில் ராத்திரி என்ன சாப்பாடு என்று கேட்டேன். "தெனம் சப்பாத்திதாம்பா" என்றாள்.

டெஸ்ட் எடுத்துப் பார் என்றால் கேட்கவில்லை. என் மகள்தானே.

"டாக்டரே இல்லன்னு சொல்லிட்டாரு, சேட்டு சொன்னாருன்னு நானு ஊசி குத்திக்கணுமா? பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இல்லாத வியாதிக்கு நீங்களே பேரு வைக்காதீங்கப்பா. மொதல்ல நீங்க டெஸ்ட் எடுங்க. உங்களுக்கு இருக்குதுன்னு வரட்டும், மறுநாளே நான் போறேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் நாங்கள் விழுப்புரத்தில் வயிற்று டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்க வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை சரியாக வந்தது. டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்றதும் "கொஞ்சம் வயிறு சரியில்லைங்க" என்று நிறுத்திக்கொண்டேன்.

என் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இவுரு சொல்ல மாட்டாருங்க டாக்டர். ஊரெல்லாம் பேசுவாரு, டாக்டருங்கள பாத்தா ஊமை. சுகர்னு ராத்திரில சப்பாத்தி சாப்டச் சொன்னாங்க. நாந்தான் சுட்டுப் போட்டேன். அதுலேர்ந்துதான் இவுரு இப்டி ஆனாரு. நிறுத்திட்டேன், நல்லா இருக்காரு. சீலியாக்கோ இன்னாவோ சொல்றாங்களே, அதுக்கு டெஸ்ட் எடுத்துச் சொல்லுங்க. எங்களுக்குப் பொண்ணு இருக்குது."

ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். சேட்டு ஒருமுறை சொன்ன பேரை நான் அவளிடம் ஒருமுறைதான் சொன்னேன். எங்கே வைத்துக்கொண்டிருந்தாளோ.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, போனில் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. பழைய ரத்த ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "கேட்டது நல்லதுதாம்மா. நம்ம பக்கம் கம்மிதான். ஆனா தேடாம இல்லன்னு சொல்லக் கூடாது" என்றார். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. தலைக்கு மேல் சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டேன். அதன் பேரிங் போயிருந்தது.

"ஆனா இப்ப எடுத்தா பிரயோஜனம் இல்ல. கோதுமைய நிறுத்திட்டீங்க, இருந்தாலும் காட்டாது. ரெண்டு மாசம் தினமும் சப்பாத்தி சாப்பிட்டுட்டு வாங்க. அப்புறம் எடுக்கலாம்."

எனக்கு உடனே புரிந்தது. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்காமல் அது எங்கே சத்தம் போடுகிறது என்று யாரால் சொல்ல முடியும்? என் மனைவிக்குப் புரியவில்லை. புரிந்ததோ என்னவோ, பிடிக்கவில்லை.

"நல்லா இருக்கற மனுசனுக்கு மறுபடியும் அதையே போடணுமாங்க?"

"இருக்குன்னு உறுதியானா ஆயுசுக்கும் ஒரு துளி கோதுமை கூடாது. அத சந்தேகத்துல சொல்ல முடியாதும்மா. உங்க பொண்ணையும் அத வச்சித்தான் பாக்கணும்."

மகளைச் சொன்னதும் தலையை ஆட்டினாள்.

அடுத்த வாரத்திலிருந்து ராத்திரிச் சாப்பாடு மறுபடியும் சப்பாத்தி ஆனது. புதுப் பழக்கம் ஒன்றும் வந்தது. அடுப்படியிலேயே துண்டு துண்டாகப் பிய்த்துக் குருமாவில் ஊறவைத்துக் கொண்டுவந்து வைத்தாள். "ஊறினா வயித்துக்கு லேசா இருக்கும்" என்றாள். முன்போல மிருதுவாக இல்லை, விளிம்பு விண்டு விண்டு வந்தது. மனசில்லாமல் பிசைகிறாள், பாவம், என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

வயிறு என்ன செய்யும் என்று தினமும் காத்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, நான் நன்றாகவே இருந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சேட்டுக்கு ஏதோ தெரியாத விஷயம், நாமாகக் கற்பனை பண்ணிக்கொண்டோம் என்று முடிவுக்கே வந்துவிட்டேன். மகளுக்குப் போன் போட்டு "எனக்கு அது இல்ல போல, நீ பயப்படாம சாப்டு" என்றேன். என் மனைவியிடம் மன்னிப்பும் கேட்டேன்.

"உன் சப்பாத்தி மேல அநியாயமா பழி போட்டுட்டேன்மே."

அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு மன்னிப்புக் கேட்டே பழக்கமில்லை, அவளுக்கு வாங்கிப் பழக்கமில்லை, அதனால்தான் என்று நினைத்தேன்.

ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வந்தபிறகு மறுபடியும் விழுப்புரம் போனோம். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"நார்மல்னு வந்திருக்கே. ஆனா சுகர் ஏறியிருக்கு. தினமும் கோதுமைதானே சாப்டீங்க?"

"ஒரு நாள் விடல டாக்டர்!" அன்றைக்கு மட்டும் எனக்குக் கணீரென்று குரல் வந்தது. அங்கேயே மகளுக்குச் சொல்லிவிடலாம் என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். என் மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாதீங்க" என்றாள் என்னிடம். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, "அது கோதுமை இல்லீங்க டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா காகிதத்தைக் கீழே வைத்தார்.

"பின்ன என்னம்மா?"

"அரிசி மாவும் வெள்ளச்சோள மாவும்ங்க. வெந்நி ஊத்திப் பெசஞ்சேன்." மறுகையால் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "மொத நாளு கடையில கோதுமை மாவு வாங்கியாந்து அதத்தாங்க எடுத்தேன். தண்ணிகூட ஊத்திட்டேன். கையி போவல. இவுரு வயித்தப் புடிச்சிக்கினு ராவெல்லாம் நெளிஞ்சதே கண்ணு முன்னால நிக்குது. தெரியாம போட்டது வேற. தெரிஞ்சே எங்கையால எப்டிங்க போட்றது?"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதம் வீண். மகளிடம் பயப்படாமல் சாப்பிடு என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். அவள் இன்னும் என் கையை விடாமல் பிடித்திருந்தாள். மூடிக்கொண்டேன். என்னை இவ்வளவு நேசிக்கிற ஒருத்தியோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன் என்பது எனக்கு ஒரு டாக்டர் முன்னால்தான் உறைக்க வேண்டுமா?

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நீங்க அவர நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்கம்மா. டெஸ்டத்தான் கெடுத்துட்டீங்க" என்றார். முதலில் அவர் சிரித்தார், அப்புறம் நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியாக அவளும் சிரித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன். "நீ ஒண்ணும் செய்ய வேணாம். பஸ் ஸ்டாண்டாண்ட பரோட்டாக் கடை இருக்குது. மைதாவும் கோதுமைதான். தெனம் ரெண்டு துன்னுட்டு வந்துட்றேன்."

அவள் மடியில் இருந்த ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"யாரோ கையால எதுக்கு? பொண்ணுக்குன்னு நெனச்சிக்கினு நானே போட்றேன். ஆனா நீங்க சாப்டறத நான் பாக்க மாட்டேன். அத மட்டும் கேக்காதீங்க."

சொன்னதைச் செய்தாள். எதிர்வீட்டு டின் திரும்பி வந்தது. மகளுக்கு நடந்ததை அவளே போனில் சொன்னாள். தினமும் ராத்திரி இரண்டு சப்பாத்தி, பழையபடி மிருதுவாக, முழுசாக, தட்டில் வைப்பாள். வைத்தவுடன் மாடிக்குப் போய்விடுவாள். காயவைக்க ஒன்றும் இல்லாத நேரத்தில் மாடியில் அவளுக்கு என்ன வேலை? கீழே நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அப்படிச் சாப்பிட்டதில்லை. எதிரில் உட்கார்ந்து, போதுமா, இன்னும் கொஞ்சம் என்று தொந்தரவு பண்ணிக்கொண்டே இருப்பாள். தொந்தரவு என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வயிறு இந்த முறை ஏமாறவில்லை. முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது. விடியற்காலையில் நான் பாத்ரூமில் இருந்தால் வெளியே சீரகத் தண்ணீரோடு நிற்பாள்.

"உள்ளதான இருக்கீங்க?"

"வேற எங்கமே போவேன்?"

"இல்ல, சத்தத்தக் காணோம்."

இந்த ஒரே பேச்சைத்தான் தினமும் பேசினோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் இருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்ததிலும் இருந்தது. மகள் சொன்ன வாக்கை மீறவில்லை, மறுநாளே போனாள். அவளுக்கும் இருந்தது. இப்போது அவள் ஹாஸ்டலுக்கு வாராவாரம் கேப்பை மாவு போகிறது. வாய்ப்புண் இல்லை, வெளுத்திருந்த கீழ் இமையில் சிவப்பு திரும்பிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் காபி கொடுக்கும்போதே "எனக்குக் கோதுமை ஆவாதுங்க, இட்லி நல்லா சுடுவேன்" என்று அவளே சொல்லிவிடுகிறாள். வாய் என்னுடையது.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது குழாய் விட்ட அந்த நாள்தான். முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. முடிந்ததும் டாக்டரம்மா தோளில் தட்டி, "இன்னையோட கோதுமைக்கு ஒரு கும்பிடு. தொண்டை மரத்தது விட்டதும் சாப்பிடுங்க" என்றார். நாங்கள் விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். இட்லி, வேர்க்கடலை அரைத்த மல்லாட்டைச் சட்னி. விடிவதற்கு முன்பே எழுந்து செய்திருக்கிறாள்.

ஒரு வாய் விண்டு போட்டேன். தொண்டை இன்னும் முழுசாக விடவில்லை, மெதுவாக இறங்கியது. டிபனைக் கொடுத்தவுடன் அவள் பழக்கத்தில் எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கமாகத் திரும்பி, ஒரு காலை மடித்துப் பெஞ்சின்மேல் வைத்து, சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொண்டாள். ரயில் ஒன்று வந்து நின்று புறப்பட்டது. அது எங்கள் ரயிலா என்றுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னாமே அப்டிப் பாக்கற?" என்றேன்.

"நீங்க சாப்டறதத்தான்" என்றாள். "பாத்து எம்மா நாளாச்சி."